ஐம்பது ஹேர்ட்ஸ்

ஐஸ் தொழிற்சாலையை வாடகைக்குத் தந்த மனிதர்
ஒன்றைத்தான் கேட்டார்: "சத்தம் வருமா தங்கச்சி?"
நான் வாய் திறக்குமுன்
"வரும்" என்றான் நிஃப்ராஸ்.

உப்புவெளி. கடலுக்கு இரண்டு வளவு இப்பால்.
மீன் வராமல் போன குளிரறை, சுவருக்குள் தக்கை.
கைதட்டினால் சத்தம் திரும்பி வராது,
கடன் வாங்கிப் போனவனைப் போல.
டிரம்மை அதற்குள் வைத்தோம்.
கதவுக்கு மூன்று மெத்தை,
ஒன்று டெரன்ஸின் மாமியாருடையது,
அவருக்கு இன்னும் தெரியாது.
முதல் கிழமை முழுக்க
சிம்பலில் சூரை மீன் மணத்தது.

இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு.
இருபத்திரண்டு நிமிடம்.
ஏழில் தொடங்கிப் பதினொன்றுக்குத் தாவி
எங்கோ ஓரிடத்தில் ஐந்தாகக் குறுகி
மறுபடி ஏழு.
நிஃப்ராஸ் அதை எண்ணுவதில்லை.
கிண்ணியாப் பாலத்தின் பொருத்துகள் மேல்
மோட்டார் சைக்கிளில் போய்வந்து போய்வந்து
இடுப்பில் ஏற்றிக்கொண்டான்.
சுலோஜன் மட்டும் கீபோர்டில் குனிந்து
தகிட தகதிமி என்று முணுமுணுப்பான்.
மைக்கில் விழும். அழிப்பேன்.
மறுபடி விழும்.

அது டீசலுக்காகச் சனங்கள்
வரிசையிலேயே படுத்துறங்கிய வருஷம்.
மின்வெட்டு அட்டவணையில் எங்கள் எழுத்து
எப்போதும் பதினேழாம் நிமிடத்தில் வந்தது.
பழைய ஜெனரேட்டர் ஒன்றை முற்றத்தில் இறக்கினோம்.
உறுமியது.
பதிவு முழுக்க உறுமியது,
பேஸுக்கு அடியில், மௌனங்களுக்கு அடியில்,
டெரன்ஸ் கிட்டாரை நிறுத்தி மூச்சுவிடும் இடத்தில்.
வடிகட்டினேன். உறுமலோடு பேஸும் போயிற்று.
மூன்று இரவு அந்த ஒற்றைச் சுரத்தோடு மல்லுக்கட்டினேன்:
ஜி இல்லை, ஜி ஷார்ப்பும் இல்லை,
இரண்டுக்கும் நடுவில் ஒண்டுக்குடித்தனம்.

நாலாம் இரவு சொன்னேன்,
"அதை மாத்தேலாது. நாங்கள் மாறுவம்."
டெரன்ஸ் என்னைப் பார்த்தான்,
கிட்டாரைப் பார்த்தான்,
பிரடையைத் திருகினான்.
நாதஸ்வரத்துக்கு ஒத்து இருக்கிறதே,
எங்களுக்கு ஒரு டீசல் எஞ்சின்.

பாட வேண்டிய சஜீவனி டோஹாவுக்குப் போயிருந்தாள்.
விசாவுக்குப் பாட்டு முடியும்வரை பொறுமையில்லை.
"என்ன சுதி?" என்று வட்ஸ்அப்பில் கேட்டாள்.
பெயர் சொல்லத் தெரியவில்லை.
உறுமலையே அனுப்பினேன், நாற்பது செக்கன்.
ஆறு பேர் தூங்கும் அறையில்
அலுமாரிக்குள் தலையை விட்டு
அதைக் காதில் வைத்துப் பாடினாள்.
பாதிச் சொற்கள் உடுப்புகளுக்குள் புதைந்துவிட்டன.
தோண்டி எடுக்கவா என்றேன்.
கிடக்கட்டும் என்றார்கள்.

கடைசி டேக்குக்கு மூன்று லீற்றர் இருந்தது.
கணக்குப் பார்த்தேன், போதும்.
என் கணக்கு.
பத்தொன்பதாம் நிமிடத்தில் எஞ்சின் விக்கியது.
உறுமல் இறங்கத் தொடங்கியது,
அரைச் சுரம், இன்னும் கொஞ்சம்,
தண்ணீருக்குள் காலை விடுபவன்போல் மெல்ல.
நிறுத்தச் சொல்லி நான் கையை உயர்த்தவில்லை.
சுலோஜன் சுருதிச் சில்லில் விரல் வைத்து
கூடவே இறங்கினான்.
டெரன்ஸ் ஒரு கை தந்தியில், ஒரு கை பிரடையில்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
பிறகு விளக்கும் ஆம்பும் ஒன்றாய் அணைந்தன.

பற்றரியில் ஓடிய என் சின்னப் பதிவுக்கருவி
சிவப்புக் கண் மூடாமல் கிடந்தது.
அதில் இருப்பவை:
இருட்டில் நிஃப்ராஸ், இன்னும் ஏழில்,
இரண்டு சுற்று, மூன்று,
ஒரு குச்சி தரையில் விழுவது,
தக்கைச் சுவர் தாண்டி எப்படியோ வந்த கடல்
(யாரோ மெத்தையை நகர்த்தியிருக்க வேண்டும்),
பிறகு டெரன்ஸின் குரல்,
"டீசல் முடிஞ்சதா, பாட்டு முடிஞ்சதா?"

அதை வெட்டு என்கிறான் சுலோஜன்.
இன்னும் வெட்டவில்லை.
அட்டையில் இருபத்திரண்டு நிமிடம் என்று அச்சாகிவிட்டது.
மெத்தைகளைத் திருப்பிக் கொடுத்தோம்.
மாமியார் தினமும் விசாரிக்கிறாராம்,
படுத்தால் ஏன் சூரை மணக்கிறதென்று.